கும்பினி காலத்து மகஜர்கள்: பல்லாவரத்திலிருந்து பார்லிமெண்ட் வரை

பீச்–தாம்பரம் மின்சார ரயிலில் சீசன் டிக்கெட்டோடு போய் வந்தவர்கள்தானே நம்மில் பாதிப் பேர்? பரங்கிமலை, பல்லாவரம் ஸ்டேஷன்களைத் தாண்டும்போது 'கண்டோன்மெண்ட்' என்ற சொல் காதில் விழுந்து விழுந்து பழகிப்போய்விட்டது. அது ஏதோ ஒரு ஏரியாவின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிற மாணவர்கள் இன்றும் உண்டு. கும்பினி காலத்தில் பரங்கிமலை சென்னைப் படையின் பீரங்கிப் பிரிவுக்குத் தலைமையிடம். பல்லாவரத்தில் இந்தியச் சிப்பாய்களின் பட்டாளங்கள் தங்கியிருந்தன. கோட்டையில் கவர்னர் துரை நிம்மதியாகத் தூங்கினார் என்றால் இந்தப் பட்டாளங்களை நம்பித்தான். அவர் தூக்கம் கெட்டதென்றால் அதற்கும் இவர்கள்தான் காரணம்!

1857-ஐச் சிலர் சிப்பாய்க் கலகம் என்பார்கள், சிலர் முதல் சுதந்திரப் போர் என்பார்கள். இரண்டு பக்கமும் இந்தியர்களே துப்பாக்கி தூக்கி நின்றதால் அதில் உள்நாட்டுப் போரின் சாயலும் உண்டு. அந்தப் போர் வருவதற்கு முந்திய ஐம்பது வருஷத்தில், படை, மதம், வரி ஆகிய மூன்றைப் பற்றியும் சென்னை இராஜதானி மக்கள் ஓயாமல் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது நம் சரித்திரப் பாடத்தில் அதிகம் வராத விஷயம். யார் எழுதலாம், யார் எழுதக்கூடாது, யார் எழுதினால் யார் படிப்பார்கள் என்பதில்தான் சங்கதியே இருக்கிறது.

மனு என்பது ஒருவர் கொடுப்பது. ஊரே சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது மகஜர். நவாபு காலத்திலிருந்து நம்மிடம் தங்கிவிட்ட சொல் அது. எழுதத் தெரியாதவன் கைநாட்டு வைப்பான், தச்சன் உளி போட்டுக் காட்டுவான், உழவன் ஏர் வரைவான். ஆனால் மகஜர் எழுதும் சலுகை எல்லோருக்கும் கிடையாது. குறிப்பாகச் சிப்பாய்க்குக் கிடையாது.

வேலூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1805 நவம்பரில் சென்னைப் படைத் தலைவர் சர் ஜான் கிரடாக் புது உடை விதிகளைக் கொண்டுவந்தார். அணிவகுப்பில் நெற்றியில் குறி இருக்கக்கூடாது, தாடி கூடாது, மீசைக்கு ஓர் அளவு, தலைக்குப் புது மாதிரித் தலைப்பாகை. அந்தத் தலைப்பாகை ஐரோப்பியர் தொப்பி மாதிரி இருக்கிறது, இதைப் போட்டால் நாளைக்கு நம்மைக் கிறிஸ்தவராக்கிவிடுவார்கள் என்று சிப்பாய்கள் பயந்தார்கள். 1806 மே மாதம் வேலூரில் ஒரு படைப்பிரிவு அதை அணிய மாட்டோம் என்று நேராகவே சொல்லிவிட்டது. இது கலகமல்ல. 'எங்கள் மனசு ஒப்பவில்லை' என்று மேலதிகாரியிடம் சொன்னார்கள், அவ்வளவுதான். பதிலுக்குக் கிடைத்தது சவுக்கடி. ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் கர்னலிடம் போய் உள்ளுக்குள் சதி நடக்கிறது என்று எச்சரித்தார். அவரைப் பைத்தியம் என்று சொல்லி அடைத்து வைத்தார்கள். ஜூலை 10 விடியற்காலையில் கோட்டைக்குள் வெடித்தது. ஐரோப்பியச் சிப்பாய்கள் நூற்றுக்கு மேல் மாண்டார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையைத் திரும்பப் பிடித்தபோது மாண்ட இந்தியர்கள் அதைவிடப் பல மடங்கு. பிறகு உடை விதிகள் வாபஸ் ஆயின. கவர்னர் பெண்டிங்கும் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். மே மாதம் வாயால் கேட்டபோது கொடுக்காததை ஜூலை மாதம் இரத்தம் சிந்திய பிறகு கொடுத்தார்கள்.

வேலூரின் எதிரொலி லண்டன் பார்லிமெண்டில் கேட்டது. கும்பினியின் சாசனத்தை இருபது வருஷத்துக்கு ஒரு முறை பார்லிமெண்ட் புதுப்பிக்கும்: 1793, 1813, 1833, 1853. இந்த வருஷங்களை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மகஜர் வியாபாரம் சூடுபிடிப்பதெல்லாம் இந்த வருஷங்களை ஒட்டித்தான். 1813-ல் மிஷனரிகளை இந்தியாவுக்குள் அனுமதிக்க வேண்டுமென்று இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஊர்களிலிருந்து எண்ணூறுக்கு மேற்பட்ட மகஜர்கள் பார்லிமெண்டில் குவிந்தன. வில்பர்போர்ஸ் அதற்காக வாதாடினார். எதிர்த்தவர்கள் 'வேலூரை மறந்துவிட்டீர்களா?' என்று கேட்டார்கள். மகஜர் கட்சி ஜெயித்தது.

அந்த நாட்டாருக்கு இதில் நல்ல பழக்கம் உண்டு. அவர்களுடைய சொந்த உள்நாட்டுப் போர் 1642 ஆகஸ்டில் தொடங்கும் முன், ஒன்றரை வருஷத்துக்கு மேல் மகஜர் மழைதான். 1640 டிசம்பரில் பிஷப்புகளின் ஆட்சியை வேரோடு ஒழிக்க வேண்டும் என்று லண்டன்வாசிகள் 15,000 பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். வேறு மாவட்டத்தார் பிஷப்பு வேண்டும் என்று எழுதினார்கள். ஊர்க்காவல் படை ராஜாவின் கையில் இருக்க வேண்டுமா, பார்லிமெண்டின் கையிலா என்று 1642-ல் ஒவ்வொரு மாவட்டமும் எழுதியது. கெண்ட் மாவட்டத்தார் பார்லிமெண்டுக்குப் பிடிக்காத மகஜர் ஒன்றைத் தயாரித்தார்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்த கவிஞர் ரிச்சர்ட் லவ்லேஸ் ஜெயிலுக்குப் போனார். அதே வருஷம் பிப்ரவரியில் பெண்கள் கூட்டமாக வந்து மகஜர் கொடுத்தபோது, பிம் என்ற தலைவர் வாசலுக்கே வந்து நன்றி சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் ஜெபம் செய்யுங்கள் என்றார். மகஜர் கொடுப்பது குடிமகனின் உரிமை, அதற்காகத் தண்டிக்கக்கூடாது என்பது அங்கே 1689-ல்தான் சட்டமாயிற்று. அந்தச் சட்டம் கப்பலேறிச் சென்னைக்கு வரும்போது பல்லாவரம் சிப்பாயை மட்டும் தாண்டிப் போய்விட்டது!

இனி நம்ம ஊர். 1836-ல் சென்னையில் வந்தது ஒரு விசித்திரமான மகஜர். எழுதியவர்கள் இந்துக்கள் அல்ல, வெள்ளைக்காரர்கள்! பிஷப் டேனியல் கோரி தலைமையில் பாதிரிமார், மிஷனரிகள், சிவில், இராணுவ அதிகாரிகள் என்று சுமார் 200 பேர். அன்றைக்கு இந்துக் கோயில்களின் நிர்வாகம் 1817-ம் வருஷத்து ரெகுலேஷன்படி ரெவினியூ போர்டின் மேற்பார்வையில் இருந்தது. கலெக்டர் துரைதான் கோயிலுக்குத் தர்மகர்த்தா மாதிரி. உற்சவத்துக்குப் பட்டாளம் அணிவகுத்து நிற்கும், பீரங்கி மரியாதை நடக்கும், தேர் இழுக்க ஊர் ஊராக ஆள் பிடிப்பார்கள். கிறிஸ்தவச் சிப்பாயும் கிறிஸ்தவ அதிகாரியும் இதில் நிற்கக் கட்டாயப்படுத்தக்கூடாது என்பது மகஜர். கவர்னர் சர் பிரெடரிக் ஆடம் பிஷப்பைக் கடிந்துகொண்டார். ஆனால் விஷயம் அடங்கவில்லை. 1838-ல் சென்னைப் படைத் தலைவர் சர் பெரிக்ரின் மெய்ட்லண்டே இந்தக் காரணத்துக்காகப் பதவியை ராஜிநாமா செய்தார். சில வருஷங்களில் உற்சவ அணிவகுப்பு நின்றது, கோயில் நிர்வாகத்திலிருந்தும் கும்பினி கையைக் கழுவிக்கொண்டது.

மெய்ட்லண்ட் மனசாட்சிக்காக வேலையை விட்டவர். அவரை மதிக்கிறேன். ஆனால் வேலூர்ச் சிப்பாய் கேட்டதும் இதேதானே? என் மதத்துக்கு ஒவ்வாததைச் சீருடையில் இருக்கிறேன் என்பதற்காக என்மேல் திணிக்காதே என்றுதான் இரண்டு பேரும் சொன்னார்கள். ஒருவருக்கு மரியாதையோடு கப்பல் டிக்கெட், மற்றவனுக்குச் சவுக்கு.

நம் கல்லூரிக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. அதை மறைத்து எழுதினால் மலருக்கு மரியாதையில்லை. 1937-ல் சேலையூர்க் காட்டுக்கு வருவதற்குச் சரியாக நூறு வருஷம் முன்னால், 1837-ல் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் சென்னையில் ஆரம்பித்த பள்ளிக்கூடம்தான் நமக்கு மூலவித்து. இங்கிலீஷ் படிப்புக்காக எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். 1841-ல் மாணவர்கள் சிலர் ஞானஸ்நானம் பெற்றதும் ஊரே கொதித்தது. பெரும்பாலான பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். கோர்ட், ஜனக்கூட்டம், போலீஸ் என்று பள்ளிக்கூட வாசலே ஒரு போர்க்களம்! மதத்தில் தலையிடாத படிப்பு வேண்டும் என்ற ஆத்திரமும் சேர்ந்துதான் பச்சையப்பர் பள்ளி 1842 ஜனவரியில் பிறந்தது. அதற்கு முன்பே 1839-ல் 70,000 பேர் கையெழுத்திட்ட மகஜர் ஒன்றை அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் மூலமாகக் கவர்னர் எல்பின்ஸ்டனிடம் கொடுத்திருந்தார்கள். உயர்கல்வி வேண்டும் என்ற அந்த மகஜரிலிருந்துதான் பிற்காலப் பிரசிடென்ஸி காலேஜ். ஆக, கிரிக்கெட் மாட்சில் நாம் கூச்சல் போட்டு எதிர்த்த இரண்டு காலேஜுமே, ஏதோ ஒரு விதத்தில் மகஜர் காலத்துப் பிள்ளைகள்தான்.

இந்தக் கொதிப்பில் முன்னுக்கு வந்தவர் காஜுலு லட்சுமிநரசு செட்டியார். 1806-ல், வேலூர்க் கலகம் நடந்த அதே வருஷத்தில் பிறந்தவர், துணி, அவுரி வியாபாரி. 1844-ல் 'கிரசண்ட்' என்ற இங்கிலீஷ் பத்திரிகையைத் தொடங்கினார். கவர்னராக இருந்த ட்வீடேல் பிரபு அரசாங்கப் பள்ளிகளில் பைபிளைப் பாடமாக வைக்க வேண்டும் என்று 1846-ல் யோசனை சொன்னார். அதற்கு முந்திய வருஷம்தான் திருநெல்வேலிச் சீமையில் மதம் மாறியவர்களுக்கும் மாறாதவர்களுக்கும் கலவரம் நடந்து, அந்த வழக்கில் சதர் கோர்ட் நீதிபதி மால்கம் லூயினுக்கும் கவர்னருக்கும் மோதல் முற்றி, நீதிபதியின் பதவியே போனது. செட்டியார் பொதுக்கூட்டம் கூட்டிக் கும்பினி டைரக்டர்களுக்கு மகஜர் அனுப்பினார். 1847-ல் டைரக்டர்கள் பைபிள் பாட யோசனையை நிராகரித்தார்கள். ஆனால் 1850-ல் வந்த சட்டம் மதம் மாறியவனுக்கும் பிதுரார்ஜித சொத்தில் பங்கு உண்டு என்றது. அதை எதிர்த்துச் சென்னையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் போன மகஜர்கள் எடுபடவில்லை. (என் சொந்த அபிப்பிராயம்: அந்தச் சட்டம் நியாயமான சட்டம்தான். மனசாட்சிப்படி நடந்ததற்காக ஒருவன் சோற்றை ஏன் இழக்க வேண்டும்? மகஜர் என்றாலே அதில் இருப்பதெல்லாம் நியாயம் என்று எண்ணிவிடக்கூடாது.)

செட்டியாரின் பெரிய காரியம் 1852-ல் நடந்தது. அடுத்த வருஷம் சாசனம் பார்லிமெண்டுக்கு வரப்போகிறது. சென்னைச் சுதேசிகள் சங்கத்தின் பெயரில் நீண்ட மகஜர் ஒன்று லண்டனுக்குப் போயிற்று. மதத்தைவிட வயிறு அதில் அதிகம் பேசியது. தாங்க முடியாத நிலவரி, நெசவாளி தறிக்கும் கைவினைஞர் கருவிக்கும் போடும் மோதர்பா வரி, உப்பு ஏகபோகம், தூர்ந்துபோன ஏரிகள், இல்லாத ரோடுகள், ஆமை வேகக் கோர்ட்டுகள், வசூலில் நடக்கும் கொடுமைகள். செங்கற்பட்டு ஜில்லாக்காரர்களுக்கு இதெல்லாம் சொல்லியா தெரிய வேண்டும்? தாம்பரம், சேலையூர், பல்லாவரம் எல்லாம் ஏரிப் பாசனத்தை நம்பிய ஊர்கள். மதகு உடைந்தால் வயல் போச்சு, வரி மட்டும் போகாது!

வெறும் காகிதம் என்றால் அது அலமாரியில் தூங்கியிருக்கும். செட்டியார் காகிதத்தோடு நிற்கவில்லை. இந்திய சீர்திருத்தச் சங்கத்தின் தலைவரும் பார்லிமெண்ட் மெம்பருமான டான்பி சீமோர் 1853-ல் சென்னைக்கு வந்தார். செட்டியார் அவரை ஜில்லா ஜில்லாவாகக் கூட்டிக்கொண்டு போனார். சட்டம் இயற்றுகிறவரையே கிராமத்துக்குக் கொண்டுவந்து குடியானவன் முன்னால் உட்கார வைத்தார். கிட்டி என்றால் என்ன, அண்ணாந்தாள் என்றால் என்ன என்று சீமோர் கேட்டுத் தெரிந்துகொண்டார். கிட்டி என்பது இரண்டு கழிகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள் என்பது கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி, குனிந்தபடியே வெயிலில் நிறுத்துவது. வரி பாக்கிக்கு இதுதான் வைத்தியம். அரிவாளும் மருதாணிக் கையுமாக இருந்த கணக்கன், சேவகன், தாசில்தார் எல்லோரும் நம்மவர்களே என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சீமோர் ஊர் திரும்பினார். 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் விவாதம் வந்தது. சீமோரும் ஜான் பிரைட்டும் பேசினார்கள். கும்பினித் தரப்பு 'அப்படியெல்லாம் ஒன்றுமில்லை' என்றது. கடைசியில் விசாரணைக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் மூவரும் சித்திரவதை விசாரணைக் கமிஷன் உறுப்பினர்கள். அறிவிப்புப் போட்டதும் வந்த புகார்கள் 1,959. அவற்றில் 519 பேர் நேரில் வந்தவர்கள், 1,440 பேர் கடிதம் எழுதியவர்கள். நேரில் வந்தவர்களில் நூற்றுக்கணக்கான மைல் தாண்டி வந்தவர்களும் உண்டு. ரயில் இல்லாத காலம்! 1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் சித்திரவதை வழக்கமாக நடக்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஐரோப்பிய அதிகாரிகளுக்கு உடந்தை இல்லை என்றும் சொல்லி அவர்களைக் காப்பாற்றியது. ஒரே தாசில்தார் கையில் வரியும் போலீஸும் இருப்பதுதான் நோய் என்பது புரிந்ததால், 1859-ம் வருஷத்து 24-ம் சட்டம் போலீஸைத் தனி இலாகாவாகப் பிரித்தது. இன்றைய நம் போலீஸ் அமைப்பு பிறந்தது அங்கேதான்.

கமிஷனுக்கு முன்னால் குடியானவன் வரலாம். சிப்பாய் வர முடியாது. அவனுடைய சம்பளம், பென்ஷன், கடல் கடந்து போகும் பயம், குடும்பத்தின் கதி ஆகியவற்றைப் பற்றி அவன் சேர்ந்து எழுதினால் அது மகஜர் ஆகாது, கலகம் ஆகும்.

1857-ல் வடக்கே தீப்பிடித்தது. சென்னையிலிருந்து ஐரோப்பியப் படையான மதராஸ் ப்யூஸிலியர்ஸ் நீல் என்பவர் தலைமையில் அவசரமாகக் கப்பலேறியது. அலகாபாத்திலும் கான்பூரிலும் அவர் செய்த கொடுமைகள் பிரசித்தம். மவுண்ட் ரோடில் நின்ற அவருடைய சிலையை எடுக்கச் சொல்லி 1927-ல் சத்தியாக்கிரகமே நடந்தது. நம் கல்லூரி தாம்பரம் வந்த 1937-ல்தான் ராஜாஜி மந்திரிசபை அதைத் தூக்கி மியூசியத்தில் வைத்தது. இந்தியப் படைகள் என்ன செய்தன? சென்னைப் படையின் பெரும்பகுதி கும்பினியோடு நின்றது. ஒரே ஒரு பெரிய விதிவிலக்கு எட்டாவது குதிரைப்படை. பெங்களூரிலிருந்து சென்னைத் துறைமுகம் நோக்கி வந்துகொண்டிருந்த அவர்கள், 1837-க்கு முந்திய சம்பள, பென்ஷன் விகிதத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் போவோம் என்றார்கள். கொடுக்கிறோம் என்று அரசாங்கம் சம்மதித்தது. ஆனால் பூவிருந்தவல்லிக்கு வந்ததும், எங்கள் நாட்டாரோடேயே சண்டை போட மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். ஆயுதத்தையும் குதிரையையும் பிடுங்கிக்கொண்டார்கள். குதிரைகள் மட்டும் வங்காளத்துக்குக் கப்பலேறின! பிறகு அந்தப் படைப்பிரிவே கலைக்கப்பட்டது. இது நடந்த இடம் பல்லாவரத்திலிருந்து ஒரு நடைக்குப் பக்கம்.

சென்னை ஏன் 1857-ல் அமைதியாக இருந்தது? சென்னைப் படையில் சிப்பாய் தன் குடும்பத்தோடு தங்கியிருந்தது ஒரு காரணம், பல சாதி, பல மதத்தவர் கலந்திருந்தது இன்னொன்று, வங்காளப் படை மாதிரி ஒரே சமூகத்தைச் சார்ந்திராதது மற்றொன்று என்று சொல்வார்கள். மகஜர் கொடுத்ததால்தான் அமைதி என்று நான் சொல்ல மாட்டேன், அது ரொம்பச் சுலபமான விடை. ஆனால் வேலூரில் வாங்கிய அடி சென்னை அரசாங்கத்துக்கு ஐம்பது வருஷம் கழித்தும் வலித்துக்கொண்டிருந்தது. மதத்தைத் தொடும்போது கை நடுங்கியது. கமிஷன் உறுப்பினர் நார்ட்டனே அந்த வருஷம் இந்தியக் கலகத்தைப் பற்றியும் இன்னொன்றைத் தடுப்பது எப்படி என்பதைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார். அரசாங்கத்தையே அதில் கடுமையாகக் குறை சொன்னார்.

1858 நவம்பர் 1-ம் தேதி மகாராணியின் பிரகடனம் வந்தது. யார் மதத்திலும் தலையிட மாட்டோம் என்றது. கும்பினி போய் ராணி வந்ததும் மகஜர் நின்றுவிடவில்லை, ஒவ்வொரு கட்சியும் அந்தப் பிரகடனத்தைத் தன் பக்கம் இழுத்தது. அடுத்த மாதமே திருநெல்வேலியில் கிறிஸ்தவர் ஒருவரின் சவ ஊர்வலம் கோயில் தெரு வழியாகப் போகலாமா என்ற தகராறில் துருப்புகள் சுட்டு உயிர்கள் போயின. திருவிதாங்கூரில் சாணார்ப் பெண்கள் மேலாடை அணிந்ததற்காக அவர்கள் துணியைக் கிழித்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். தலையிடமாட்டோம் என்று ராணியே சொன்னதால் பழைய வழக்கத்தைக் காக்கலாம் என்றது ஒரு கட்சி. மிஷனரிகளும் அந்த மக்களும் சென்னைக்கு மகஜர் எழுதினார்கள். கவர்னர் சர் சார்லஸ் டிரெவெல்யான் நெருக்கியதால் 1859 ஜூலை 26-ல் திருவிதாங்கூர் மகாராஜா உத்தரவு போட்டார்: மேலாடை அணியலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணிவது போல் அல்ல. அந்த 'ஆனால்' நீங்க இன்னும் எத்தனை மகஜர், எத்தனை போராட்டம்!

லட்சுமிநரசு செட்டியார் 1863-ல் சென்னைச் சட்டசபைக்கு நியமனம் பெற்றார். வாழ்நாளெல்லாம் சட்டம் செய்கிறவர்களுக்கு மகஜர் எழுதியவர் கடைசியில் சட்டம் செய்கிற இடத்திலேயே உட்கார்ந்தார். கையிலிருந்த பணத்தையெல்லாம் பொதுக்காரியத்தில் கரைத்துவிட்டு 1868-ல் காலமானார். அவர் சங்கமும் மங்கியது. 1884-ல் சென்னை மகாஜன சபை தோன்றித்தான் அந்த வேலையைத் திரும்ப எடுத்தது.

சித்திரவதைக் கமிஷன் அறிக்கை 1855-ல் அச்சில் வந்த புத்தகம். சரித்திரம் படிக்கும் தம்பி, தங்கைகள் தாம்பரத்தில் ரயிலேறி எழும்பூரில் இறங்கினால் ஆவணக் காப்பகம் நடக்கிற தூரம்தான். ஒரு நாள் போய் அந்தப் புகார்களைப் புரட்டிப் பாருங்கள். பெரிய மனிதர்கள் பேச்சு அதில் கொஞ்சம்தான். எட்டணா பாக்கிக்காக வெயிலில் குனிந்து நின்றவன் தன் வாயால் சொன்னதை ஒரு குமாஸ்தா எழுதிக்கொண்டிருக்கிறார்.